எத்தனை துருப்பு, எத்தனை பேர்? தமிழ்ச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கித் தரும் நாளிதழ், தொலைக்காட்சி, இணையச் செய்தித்தளத் துணையாசிரியர்களுக்கும், சேலம் மாவட்டச் செய்தியாளர்களுக்கும் வணக்கம்.

சேர்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 1984ஆம் ஆண்டு இந்தியத் தரைப்படையின் டாங்கிப் படையணி ஒன்றில் சவாராகச் சேர்ந்து, 26 ஆண்டுகள் பணியாற்றி, நாயப் ரிசால்தாராக ஓய்வு பெற்றவன் நான். காலாட்படையில் சிப்பாய், நாயப் சுபேதார் என்று வழங்கும் பதவிகளுக்கு நிகராக, குதிரைப்படையின் வழிவந்த எங்கள் படையணிகளில் சவார், நாயப் ரிசால்தார் என்ற பெயர்கள் இன்றும் உள்ளன. ஓய்வுக்குப் பிறகு காலை வேளைகளை ஊர் நூலகத்தில் நாளிதழ்களோடு கழித்து வருகிறேன். அந்த வாசிப்பில் ஒரே ஒரு சொல் என்னைத் திரும்பத் திரும்ப நிறுத்துகிறது. ஆங்கிலத்தில் ‘ட்ரூப்ஸ்’ என்று வருவதை நீங்கள் ‘துருப்புகள்’ என்று எழுதுகிறீர்கள். அதற்கு முன்னால் ஓர் எண்ணையும் சேர்க்கிறீர்கள். ‘எல்லைக்கு 5,000 துருப்புகள் விரைந்தன’ என்றும், ‘குண்டுவெடிப்பில் 3 துருப்புகள் பலி’ என்றும் நான் பலமுறை படித்திருக்கிறேன். அதைவிடக் கொடுமையாக ‘5,000 படைகள் அனுப்பப்பட்டன’ என்றும் படித்திருக்கிறேன். உலகில் உள்ள நாடுகளை எல்லாம் கூட்டினாலும் ஐயாயிரம் படைகள் தேறா. இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டுமே இம்மடலை எழுதுகிறேன். சிறிய சொல்லுக்கு இத்தனை நீண்ட மடலா என்று நீங்கள் எண்ணினால், அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்லியிருக்கிறேன். பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

முதலில் ட்ரூப் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் டாங்கிப் படையணி ஒன்றில் 45 டாங்கிகள் இருக்கும். அவை மூன்று ஸ்குவாட்ரன்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் 14 டாங்கிகள். எஞ்சிய மூன்றும் தலைமையகத்துக்கு உரியவை. ஸ்குவாட்ரனின் உள்ளே நான்கு ட்ரூப்கள். ஒரு ட்ரூப்புக்கு மூன்று டாங்கிகள். மீதி இரண்டும் ஸ்குவாட்ரன் தலைமையகத்துக்கு. நான் பணியாற்றிய டி-72 வகை டாங்கியில் மூன்றே பேர்தான் அமர முடியும். ஓட்டுநர் முன்பக்கம் தாழ்வான குழி போன்ற இடத்தில் கால் நீட்டி இருப்பார். பீரங்கியின் இடப்பக்கம் கன்னர், வலப்பக்கம் கமாண்டர். குண்டை எடுத்துக் குழலில் செலுத்தும் வேலையை இயந்திரமே செய்துவிடுவதால் பழைய டாங்கிகளில் இருந்த நான்காம் ஆளுக்கு இதில் இடமில்லை. ஆக, மூன்று டாங்கிக்கு மூன்று மூன்று பேராக ஒன்பது பேர். எங்கள் வாயில் ட்ரூப் என்றால் இந்த ஒன்பது பேர்தான்.

இந்த ஒன்பது பேரும் சேர்ந்து வாழும் வாழ்வை வெளியிலிருப்பவருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். இராஜஸ்தானத்து மணலில் பயிற்சிக்குப் போயிருக்கையில் ஒரு டாங்கியின் சங்கிலிப் பட்டையில் ஒரு பின் நழுவிவிட்டால், அந்த டாங்கிக்காரர் மூவர் மட்டும் அதைச் சரிசெய்வதில்லை. மற்ற இரண்டு டாங்கிகளில் இருப்போரும் சம்மட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். வெயிலில் கிடந்த இரும்பைத் தொட்டால் உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொள்ளும். சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டுதான் பிடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் டாங்கியின் நிழல் விழும் பக்கத்தில் ஒன்பது பேரும் வரிசையாகச் சாய்ந்துகொண்டு, ஒரே கெட்டிலில் கொதித்த தேநீரை எனாமல் குவளைகளில் பங்கிட்டுக் குடிப்போம். ஒருவருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் எட்டுப் பேருக்கும் அந்த வீட்டுச் செய்தி தெரியும். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர்களுடைய வேலை கூடும். ஆனாலும் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. இதைத்தான் நான் 26 ஆண்டுகள் ட்ரூப் என்று சொல்லி வந்தேன்.

சொல்லின் பிறப்பும் இதற்குப் பொருந்தியே இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. கூட்டம், திரள், மந்தை என்பவையே அதன் மூலப்பொருள். குதிரைப்படை இருந்த காலத்தில் ஒரு கேப்டனின் கீழிருந்த சில பத்துக் குதிரைவீரர்களின் தொகுதிக்கு ட்ரூப் என்று பெயர். குதிரை போய் டாங்கி வந்தபோதும் பெயர் மாறவில்லை. ஆற்காட்டு நவாபின் காலத்தில் 1776க்கு முன்பே திரட்டப்பட்டு, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையோடு இணைந்து, இன்றும் தென்னிந்தியர்களைக் கொண்டு இயங்கும் 16ஆம் இலகு குதிரைப்படையின் வரலாற்றில் அந்தத் தொடர்ச்சியைக் காணலாம். சேலமும், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகாலும் 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கம்பெனியின் கைக்கு வந்தபோது, இவற்றை ஆள அனுப்பப்பட்ட அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் படை அதிகாரிகளே. பட்டாளம், சிப்பாய், கேப்டன் என்ற சொற்கள் நம் ஊர்களில் நெடுங்காலமாகப் புழங்குவதற்கும், ட்ரூப் என்பது தமிழ் நாவில் ‘துருப்பு’ என்று திரிந்ததற்கும் அத்தகைய ஆட்சிக்காலமே பின்புலம். பட்டாளம் என்பதும் பெட்டாலியன் என்ற சொல்லின் திரிபே. ஆனால் பட்டாளம் நம் மொழியில் சரியான பொருளோடு வேர்விட்டுவிட்டது. ‘அவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறார்’ என்று சொல்கிறோமே தவிர, ஒரு மனிதரைச் சுட்டி ‘அவர் ஒரு பட்டாளம்’ என்று எவரும் சொல்வதில்லை. துருப்புக்கு மட்டும் அந்த நல்லூழ் வாய்க்கவில்லை.

குழப்பத்தின் ஊற்று ஆங்கிலத்திலேயே இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அம்மொழியில் இச்சொல் ஒருமையில் ஒரு குழுவையும் பன்மையில் ஆட்களையும் குறிக்கிறது. ‘எ ட்ரூப்’ என்றால் ஒரு தொகுதி. ‘ட்ரூப்ஸ்’ என்றால் பொதுவாகப் படையினர். ‘டென் தௌசண்ட் ட்ரூப்ஸ்’ என்றால் பத்தாயிரம் ஆட்கள், பத்தாயிரம் தொகுதிகள் அல்ல. ஒரே சொல்லின் ஒருமையும் பன்மையும் இப்படி வேறு வேறு பாதையில் போவது அந்த மொழிக்காரர்களுக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கச் செய்தி முகமையான அசோசியேட்டட் பிரஸ் தன் செய்தியாளர்களுக்கு வகுத்துள்ள நடைவழிகாட்டியில், பெரிய எண்ணிக்கையோடு வரும்போது இச்சொல்லை ஆட்கள் என்ற பொருளில் எழுதலாம் என்றும், மூன்று பேர் காயமடைந்தனர் என்பது போன்ற சிறிய எண்ணிக்கைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அதே வழிகாட்டி, நாடகம், நடனம், இசை ஆகியவற்றின் கலைஞர் குழுவுக்கு, வேறு எழுத்துக்கூட்டல் கொண்ட ‘ட்ரூப்’ என்ற சொல்லைத் தனியே ஒதுக்குகிறது. இரண்டும் ஒரே பிரெஞ்சு வேரிலிருந்து கிளைத்தவை, ஒலியும் ஒன்று.

சேலத்துக்காரர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் குரங்குகள் கூட்டமாக வந்து சுற்றிக்கொள்கின்றன அல்லவா? அந்தக் குரங்குக் கூட்டத்துக்கும் விலங்கியலார் ஆங்கிலத்தில் சொல்லும் பெயர் ட்ரூப்தான். கூட்டத்தில் ஒரு குரங்கைக் காட்டி அதை ஒரு ட்ரூப் என்று அவர்கள் சொல்வதில்லை. அதே ஏற்காடு சாலையில், டி.ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டு தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. அந்தப் படப்பிடிப்பு நிலையத்தின் தொடக்க காலத்தில் திரைக்கு வந்த நடிகர்களில் பலர் நாடகக் குழுக்களில் பயின்றவர்கள். அந்தக் குழுதான் ஆங்கிலத்தில் மற்றொரு ட்ரூப். குரங்குக் கூட்டம், நாடகக் குழு, டாங்கிப் படையின் ஒன்பது பேர் ஆகிய மூன்றிலும் பொருள் ஒன்றே: சேர்ந்து இயங்கும் ஒரு திரள். அத்திரளின் பெயரை அதிலிருக்கும் தனி ஆளுக்குச் சூட்டுவதுதான் தவறு.

தமிழ் வாசகருக்குத் துருப்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வேறொன்று என்பதையும் கருதிப் பாருங்கள். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையின் பின்பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் 304 ஆடுவார்கள். அங்கே துருப்பு என்பது சீட்டு. மற்றச் சீட்டுகளை வெட்டும் சீட்டு. அரசியல் செய்திகளில் ‘துருப்புச் சீட்டு’ என்று நீங்களே வாரம் தவறாமல் எழுதுகிறீர்கள். அந்தத் துருப்பு வேறொரு வேரிலிருந்து, சீட்டாட்டத்தோடு கூடவே வந்த சொல்; படைத்துருப்போடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஒரே பக்கத்தின் மேற்பாதியில் ஒரு தலைவரின் துருப்புச் சீட்டும் கீழ்ப்பாதியில் எல்லையில் இறந்த ‘துருப்புகளும்’ அச்சாகும்போது, படிப்பவர் மனத்தில் என்ன உருவம் எழும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, நான் இந்த மடலை எழுதுவதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

2001 டிசம்பர் 13ஆம் நாள் நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்தபின் தரைப்படையின் பெரும்பகுதி மேற்கு எல்லைக்கு நகர்த்தப்பட்டது. நாங்களும் போனோம். அடுத்த ஆண்டு அக்டோபர் வரை அந்த நிலை நீடித்தது. நான் அப்போது தஃபேதார், அதாவது காலாட்படையின் ஹவில்தாருக்கு நிகரான பதவி. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவது அரிது, கடிதம்தான். ‘56 ஏ.பி.ஓ.’ என்ற முகவரி மட்டும் எழுதிய உள்நாட்டுக் கடிதங்கள் எங்கள் ஊருக்குப் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும், சில வேளை அதற்கும் மேல் ஆகும். என் தாயாருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வாசித்துச் சொல்லுவான். நான் எழுதிய கடிதங்களின் வழியாக அவருக்கு ட்ரூப் என்ற சொல் நன்றாகப் பழகியிருந்தது. தம் மகன் இரண்டாம் ட்ரூப்பில் இருக்கிறான், அதில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், அவர்களில் இன்னார் தருமபுரிக்காரர், இன்னார் சித்தூர்க்காரர், இன்னாருக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விடுப்பு முடிந்து நான் திரும்பும் ஒவ்வொரு முறையும் தட்டுவடையை ஒன்பது பொட்டலமாகக் கட்டித் தருவார். ஒன்றாகக் கட்டினால் பெட்டியில் இடம் மிஞ்சுமே என்று சொன்னால், ‘ஆளுக்கொண்ணு கைல குடு சாமி, அப்பத்தான் அவுங்கவுங்க அம்மா குடுத்த மாதிரி இருக்கும்’ என்பார்.

2002ஆம் ஆண்டின் கோடையில் ஒரு நாள், எல்லையில் கண்ணிவெடி வெடித்த செய்தியொன்று தமிழ் நாளிதழ் ஒன்றில் வந்தது. ‘2 துருப்புகள் பலி’ என்பது தலைப்பு. தேநீர்க் கடையில் அதைப் படித்த பையன் ஓடிவந்து அம்மாவிடம் சொன்னான். துருப்பு என்றால் என்ன என்று அவர் கேட்டார். ‘அண்ணன் கடிதாசில எழுதுற ட்ரூப்புதான் பாட்டி’ என்று அவன் சொன்னான். அவன் சொன்னதில் பிழையில்லை, அகராதிப்படி அதுவேதான். அம்மா மனத்தில் கணக்குப் போட்டார். ஒரு ட்ரூப்புக்கு ஒன்பது பேர் என்றால் இரண்டுக்குப் பதினெட்டு. இரண்டு என்ற எண்ணும் அவர் காதில் இரண்டாம் ட்ரூப் என்றே விழுந்தது. அழக்கூடத் தோன்றாமல், கட்டியிருந்த சேலையோடு பேருந்து ஏறிச் சேலத்துக்குப் போய், எங்கள் ஊரிலிருந்து சென்று அங்கே குடியிருந்த ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவருடைய வீட்டு வாசலில் நின்றார். அந்தப் பெரியவர் அன்றைய ஆங்கில நாளிதழை வாங்கி வரச்செய்து, செய்தியைத் தேடி, ‘ரெண்டு ட்ரூப் இல்லைங்கம்மா, ரெண்டு பேர். உங்க மகன் இருக்கற பக்கமும் இல்லை’ என்று விளக்கிச் சொன்னார். அதன்பின் என் கடிதம் கைக்கு வந்து சேரும்வரை பதினோரு நாள் அவர் சரியாக உண்ணவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

விடுப்பில் வந்தபோது அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: ‘ஏன் சாமி, ஒம்போது பேருக்கும் துருப்பு, ஒருத்தனுக்கும் துருப்பா?’ என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் மேலும் ஒன்று சொன்னார். ‘ரெண்டு பேருதான்னு அந்தப் பெரியவர் சொன்னதும் எனக்கு உசுரு வந்துச்சு. அப்பறம் பஸ்ஸுல வரையில, அந்த ரெண்டு பேரப் பெத்தவளுக ரெண்டு பேரையும் நெனச்சு அழுதேன்.’ அந்த இருவரையும் பெற்றவர்களை நினைக்கச் செய்தது ‘பேர்’ என்ற சொல். ‘துருப்பு’ என்று இருந்தவரை அவருக்கு எண்ணிக்கை தெரிந்தது, ஆட்கள் தெரியவில்லை. என் தாயார் இப்போது இல்லை. கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

தமிழில் எண்ணும் முறையிலேயே அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது என்பது என் துணிபு. நம் மொழியில் உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாடு இலக்கண நூலில் மட்டும் இருப்பதன்று. மூன்று மாடு, மூன்று வண்டி, மூன்று மூட்டை என்கிறோம். மக்களைச் சொல்லும்போது மூன்று பேர் என்கிறோம். சேலத்துப் பக்கத்துப் பேச்சில் ‘அப்பா வந்துச்சு’, ‘அக்கா சொல்லுச்சு’ என்று வாஞ்சையோடு அஃறிணை வினையால் சொல்வதுண்டு. ஆனால் அப்படிப் பேசுகிறவர்கள்கூட எண்ணத் தொடங்கினால் ‘ரெண்டு பேரு’ என்றுதான் எண்ணுவார்கள். துருப்பு என்பது அஃறிணைச் சொல். ‘3 துருப்புகள் கொல்லப்பட்டன’ என்று எழுதினால் தமிழ் இலக்கணப்படி மூன்று பொருள்கள் அழிந்தன என்றாகிறது. உங்களில் பலருக்கு இது உள்ளூர உறுத்துகிறது என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். ஏனென்றால் ‘துருப்புகள்’ என்று எழுவாயை எழுதிவிட்டு, வினைமுற்றில் ‘கொல்லப்பட்டனர்’ என்று பலர் எழுதிவிடுகிறீர்கள். எழுவாயில் ஆங்கிலத்தைப் பின்பற்றிய கை, வினைமுற்றுக்கு வரும்போது தாய்மொழிக்குத் திரும்பிவிடுகிறது. அந்தக் கையைத்தான் நான் நம்புகிறேன். எழுவாயை எழுதும்போதே அது திரும்பட்டும் என்பதே என் வேண்டுகோள்.

படை என்ற சொல்லிலும் இதே கவனம் தேவை. படை என்பது தொகுதிப் பெயர். பழந்தமிழில் அது ஆயுதத்தையும் குறித்தது. ‘படை புறப்பட்டது’, ‘இரு நாட்டுப் படைகளும் பின்வாங்கின’ என்பவை குற்றமற்ற தமிழ். ‘ட்ரூப் மூவ்மென்ட்’ என்பதைப் படை நகர்வு என்றும், ‘ட்ரூப் வித்ட்ராயல்’ என்பதைப் படை விலக்கம் என்றும், ‘கிரவுண்ட் ட்ரூப்ஸ்’ என்பதைத் தரைப்படையினர் என்றும் எழுதினால் எந்தக் குறையும் இல்லை. ஆட்களை எண்ணும்போது மட்டும் படையினர், படைவீரர் என்று எழுதுங்கள். அல்லது வெறுமனே பேர் என்று எழுதுங்கள். வீரர் என்று மட்டும் எழுதினால் கிரிக்கெட் வீரரும் அதில் அடங்கிவிடுவதால், சூழல் தெளிவாக இல்லாத இடத்தில் படைவீரர் என்பதே நல்லது. உண்மையில் டாங்கிப் படையின் அந்த ஒன்பது பேர் தொகுதியைப் பற்றியே செய்தி வந்தால், அப்போது ட்ரூப் என்றே எழுதலாம். அதற்கு நிகரான வேறு சொல்லைத் தேட வேண்டியதில்லை.

ஆங்கிலத்துக்கு ட்ரூப்ஸ் என்ற பொதுச்சொல் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் தரைப்படையில் இருப்பவரை மட்டுமே சோல்ஜர் என்பார்கள். கடற்படையில் இருப்பவர் செய்லர், விமானப்படையில் இருப்பவர் ஏர்மேன், மரைன் படையில் இருப்பவர் மரைன், 2020 டிசம்பரிலிருந்து விண்வெளிப் படையில் இருப்பவர் கார்டியன். ஒருவரை மற்றொருவர் பெயரால் அழைத்தால் அவர்கள் மனம் நோகும். இத்தனை பேரையும் ஒரே மூச்சில் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ட்ரூப்ஸ் கைக்கு வந்தது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. முப்படையினர் என்று ஒரே சொல்லில், உயர்திணையில், மதிப்புப் பன்மையோடு சொல்ல நம்மால் முடியும். கைக்கு எட்டும் தொலைவில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, பிறருடைய நெருக்கடிக்குப் பிறந்த சொல்லை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

2020 ஜூன் 15ஆம் நாள் இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நம் தரைப்படையினர் இருபது பேர் உயிர்நீத்தனர். ஆங்கிலச் செய்திகள் பலவற்றில் ‘இருபது ட்ரூப்ஸ்’ என்று வந்தது. அந்த இருபது பேரில் ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. மற்றொருவர் 16ஆம் பீகார் படையணியின் தலைவரான கர்னல் சந்தோஷ் பாபு. இந்த இருபது பேரையும் துருப்பு என்று எழுதுவது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை ‘இருபது ஜவான்கள்’ என்று எழுதுவதும். ஜவான் என்பது அதிகாரி அல்லாதவர்களைக் குறிக்கும் சொல், கர்னல் அதில் அடங்கமாட்டார். பதவி தெரிந்தால் பதவியை எழுதுங்கள். காலாட்படையில் சிப்பாய், எங்களிடம் சவார், பீரங்கிப் படையில் கன்னர், பொறியாளர் படையில் சாப்பர் என்று ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைத் தோளில் தாங்கித்தான் அவர்கள் பல ஆண்டுகள் நடந்திருக்கிறார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவற்றில் உள்ளவர்களையும் ஆங்கில ஏடுகள் ட்ரூப்ஸ் என்றே எழுதும். அதைப் பார்த்து இராணுவத் துருப்புகள் என்று தமிழாக்கிவிடாதீர்கள். அவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குபவை. இராணுவம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குவது.

உங்கள் தரப்பில் சொல்லப்படும் மறுப்புகளையும் நான் கேட்டிருக்கிறேன். துருப்பு என்பது அகராதியில் ஏறிவிட்ட சொல், ஈழத்தமிழ் ஏடுகளில் நெடுங்காலமாக வழங்குவது, அதை எப்படித் தள்ளுவது என்று சிலர் கேட்டார்கள். தள்ளச் சொல்லவில்லை. ‘துருப்புகள் எல்லையை நோக்கி நகர்ந்தன’ என்று திரளைக் குறித்து எழுதினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எண்ணோடு சேர்த்து ஆளைக் குறிக்க வேண்டாம் என்பதே நான் கேட்பது. கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலி அப்படித்தான் தருகிறது என்று ஓர் இளம் செய்தியாளர் வெளிப்படையாகச் சொன்னார்; அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்தச் செயலி தமிழைக் கற்றுக்கொள்வது இணையத்தில் இருக்கும் தமிழிலிருந்து. அதில் பெரும்பங்கு நீங்கள் எழுதியது. இன்று நீங்கள் எழுதும் ‘3 துருப்புகள் பலி’ நாளை அதன் வாயிலிருந்து உங்களிடமே திரும்பி வரும். பிழையை நிறுத்தக்கூடிய இடம் உங்கள் மேசை ஒன்றுதான்.

தலைப்புக்கு இடம் போதாது என்பது மூன்றாவது மறுப்பு. இதையும் எண்ணிப் பார்த்துவிட்டேன். துருப்புகள் என்பதில் ஆறு எழுத்துகள். வீரர்கள் என்பதில் ஐந்து. பேர் என்பதில் இரண்டு. ‘2 பேர் பலி’ என்று போட்டிருந்தால் அன்று அந்த நாளிதழுக்கு நான்கு எழுத்துக்கான இடம் மிஞ்சியிருக்கும். எங்கள் வீட்டில் பதினோரு நாள் அடுப்பும் ஒழுங்காக எரிந்திருக்கும்.

முதல் உலகப் போருக்குப் பிறகு தமிழகத்தின் சில ஊர்களில் ஆங்கிலேய அரசு கல்வெட்டுகள் பதித்தது. வேலூர் மணிக்கூண்டில் இருக்கும் ஒன்றை நான் நேரில் நின்று படித்திருக்கிறேன். இந்த ஊரிலிருந்து இத்தனை ஆண்கள் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்பது அதன் வாசகம். ‘மென்’ என்று வெட்டியிருக்கிறார்கள். ட்ரூப்ஸ் என்று வெட்டவில்லை. நம்மை ஆண்டவர்கள், நம் ஊரார் பெயரைக்கூட எழுதாமல் எண்ணை மட்டும் எழுதியவர்கள், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் மனிதர் என்ற சொல்லை வைக்கத் தவறவில்லை. நம் மொழியில் எழுதும் நாம் அதற்குக் குறைவாக எழுதலாகாது.

உங்கள் அலுவலகங்களில் நடைவழிகாட்டி இருந்தால், அதில் ட்ரூப்ஸ் என்ற சொல்லுக்கு எதிரே எண்ணோடு வந்தால் ‘பேர்’ அல்லது ‘படையினர்’, எண்ணின்றித் திரளைக் குறித்தால் ‘படை’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். பதவிப் பெயர்கள், படைப்பிரிவுகள், அவற்றின் அளவுகள் ஆகியவற்றில் ஐயம் எழும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள உங்கள் மாவட்டத்திலேயே முன்னாள் படையினர் நிறையப் பேர் இருக்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல் பதிப்பு முடியும் நேரத்தில் அழைத்தாலும் நாங்கள் தூக்கம் கலைந்ததாகக் கருதமாட்டோம்; காவல் முறையில் எழுந்து பழகியவர்கள்தாம்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற நாயப் ரிசால்தார் ஒருவர்,
சேர்வராயன் மலையடிவாரம், சேலம் மாவட்டம்.